மலையும் வேலைத்தளம்தான்



எங்கள் பாடசாலையில் தரம் ஏழில் படிக்கும் ஒரு பிள்ளை சென்ற தவணையில் தொடர்ந்து நான்கு நாட்கள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவளிடம் காரணம் கேட்டோம். "அம்மாவுக்குக் குளவி கொட்டிருச்சி டீச்சர். தம்பியப் பாத்துக்க ஆள் இல்ல" என்றாள்.

அன்று மாலை லயத்துக்குப் போய்ப் பார்த்தோம். தாயின் ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. கழுத்திலும் கையிலும் வீக்கம். பக்கத்துக் காம்பராப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். கதை மெல்ல வெளியே வந்தது. அந்த மலையில் ஒரு சவுக்கு மரத்தில் கூடு இருப்பது இரண்டு வாரமாகவே எல்லாருக்கும் தெரியும். கொழுந்து எடுத்தவர்கள் கங்காணியிடம் சொன்னார்கள். கங்காணி மேலே சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகும் பிரட்டில் அதே மலைக்கு ஆள் பிரித்தார்கள். அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது. கூடு கலைந்தது. கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர்களில் ஆறு பேரைக் கொழுந்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தாய் இரண்டு இரவு வார்ட்டில் இருந்தாள்.

குளவி கொட்டியது காலை பத்தரை மணிக்கு. அதனால் அன்று அரைப் பேர். மறுநாள் முதல் பேர் இல்லை.

எங்கள் வரவு இடாப்பில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே நான்கு நாள் வராமை பதிந்திருக்கிறது. தோட்டத்துச் செக்ரோலில் அந்தத் தாயின் பெயருக்கு நேரே ஓர் அரைப் பேரும், அதற்குப் பிறகு வெறும் கட்டங்களும் இருக்கின்றன. 'விபத்து' என்ற சொல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆறு பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது வைத்தியசாலைக்குப் போனதற்குத் தோட்டத்தில் ஓர் எழுத்துகூடச் சாட்சி இல்லை.

பசறையிலிருந்து அப்புத்தளை வரை, மடூல்சீமையிலிருந்து கொஸ்லந்தை வரை, நம் ஊவாத் தோட்டங்களில் எந்த லயத்து வாசலில் உட்கார்ந்தாலும் இப்படி ஒரு கதை கேட்கலாம். அதை நாம் எப்படிச் சொல்கிறோம் என்பதையும் கவனியுங்கள். "அவளுக்கு நேரம் சரியில்ல" என்கிறோம். "விதி" என்கிறோம். இரண்டு வாரமாகத் தெரிந்திருந்த ஓர் ஆபத்து எப்படி விதியாகும்? அதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

நம் முன்னோர் இந்தத் தொழிலின் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். ஸ்டோரில் இயந்திரம் கையைக் கடிக்காமல் இருக்க ரோதமுனியைக் கும்பிட்டார்கள். கவ்வாத்துத் தொடங்கும் முன்பு கத்தியை வைத்துக் கவ்வாத்துச் சாமிக்குப் படையல் போட்டார்கள். இன்றும் பல தோட்டங்களில் இது நடக்கிறது. இதை நாங்கள் குறைவாகப் பார்க்கவில்லை. தங்களைக் காப்பாற்றச் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை என்றிருந்த காலத்தில், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காவல் தெய்வத்தை வைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். எந்த வேலையில் எந்த ஆபத்து என்ற கணக்கு அந்தப் படையலுக்குள் இருக்கிறது. ஆனால் காவல் காக்கும் வேலை முழுவதையும் ரோதமுனியிடமே விட்டுவிட்டால் துரைமாருக்கு என்ன வேலை மிஞ்சும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வேலைத்தளப் பாதுகாப்புக்கு இந்த நாட்டில் உள்ள முதன்மையான சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம். அது நம் தேயிலை ஸ்டோருக்குப் பொருந்தும். சுழலும் இயந்திரத்துக்குத் தடுப்பு இருக்க வேண்டும். வெளிச்சம், காற்றோட்டம், முதலுதவி இருக்க வேண்டும். ஒருவர் இறந்தாலோ, அடிபட்டு மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போனாலோ, தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். இது எசமானின் கடமை. விரும்பினால் செய்யலாம் என்ற விடயம் அல்ல.

ஆனால் பெயரிலேயே இருக்கிறது, அது தொழிற்சாலைச் சட்டம். ஸ்டோர் வாசலோடு நின்றுவிடும். கொழுந்து மலைக்கு ஏறாது.

தோட்டத்தில் ஸ்டோரில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், மலையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மழையில் வழுக்கும் சரிவில் கொழுந்து நிறைந்த சாக்கைத் தலையில் சுமந்து நிறைக்கு இறங்குகிறவள் அங்கேதான் இருக்கிறாள். 16 லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுகிறவன், கவ்வாத்துக் கத்தி வீசுகிறவன், கான் வெட்டுகிறவன் எல்லாரும் அங்கேதான். புல் மண்டிய நிரையில் பாம்பை மிதிக்கும் கால்களும் அந்த மலையில்தான் நடக்கின்றன. ஸ்டோரில் ஒரு விரல் நசுங்கினால் அறிவிக்க ஒரு சட்டம் உண்டு. மலையில் ஆறு பேர் வீழ்ந்தால் பாதுகாப்புப் பரிசோதகருக்கு அறிவிக்க அதே போன்ற கட்டாயம் இல்லை. ஆபத்து அதிகமான இடத்தில் ஆட்களும் அதிகம். அங்கே சட்டம் மட்டும் குறைவு.

மருந்தடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2015இல் கிளைபோசேட் களைநாசினியைத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள், அதே வருடத்திலேயே பின்வாங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் பாராளுமன்றத்திலும் பத்திரிகையிலும் பெரிய விவாதம் நடந்தது. விளைச்சல் என்னவாகும், ஏற்றுமதி என்னவாகும், வாங்குகிற நாடுகள் என்ன சொல்லும் என்று பேசினார்கள். தாங்கியைச் சுமக்கிறவனின் நெஞ்சு என்னவாகும் என்பது அந்த விவாதங்களில் ஓரமாகவே கிடந்தது. தடை வந்தபோதும் அவனை யாரும் கேட்கவில்லை. தடை போனபோதும் கேட்கவில்லை. களை எடுக்காமல் விட்ட மலைகளில் நிரை தெரியாமல் நடந்தவர்களையும் கேட்கவில்லை.

புதிய சட்டம் ஒன்று வரப்போகிறது, எல்லா வேலைத்தளங்களையும் அது சேர்க்கும் என்று பல வருடங்களாகச் சொல்கிறார்கள். 2009இல் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகத்தைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். 2022 ஜூனில் சர்வதேசத் தொழில் மாநாடு, பாதுகாப்பான சுகாதாரமான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சங்கம் அமைக்கும் உரிமைக்கு எந்த இடமோ, அதே இடம் இதற்கும். ஆகவே நாங்கள் கேட்பது சலுகை அல்ல. உலகம் அடிப்படை உரிமை என்று ஒப்புக்கொண்டதை மலைக்கும் கொண்டுவாருங்கள் என்கிறோம்.

புதிய சட்டம் வரும்வரை நாம் வெறுங்கையோடு நிற்கிறோம் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு பழைய சட்டங்கள் நம் கையில் இருக்கின்றன. இரண்டும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள். இரண்டையும் நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

முதலாவது, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம். லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று அது சொல்கிறது. தோட்டத்தில் யார் யாருக்கு நோய் என்று அறிந்துகொள்வதும், உடனே அதற்கு வேண்டியதைச் செய்வதும் அவர் கடமை. அந்த 'அறிந்துகொள்வது' என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்கு முந்திய துரைக்கே "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடம் இருக்கவில்லை. இன்றைய துரைக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். இது ஸ்டோர் வாசலில் நிற்பதில்லை. மலைக்கும் வரும். வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தில் ஒரு தொழிலாளிக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால் எசமான் நட்டஈடு கொடுக்க வேண்டும். தோட்டத்தின் மீது பிழை இருந்ததா என்று நாம் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலையில் நேர்ந்தது என்பதுதான் கேள்வி. சிறிது காலம் வேலை செய்ய முடியாமல் போனால் அந்தக் காலத்துக்குக் கொடுப்பனவு உண்டு. உறுப்பு இழந்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. மரணம் என்றால் தங்கி வாழ்ந்தவர்களுக்கு உரிய தொகையை நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். 2022இல் செய்த திருத்தத்தோடு உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது.

இந்தச் சட்டத்தின் சொற்களை அந்தத் தாயின் காலைப்பொழுதோடு வைத்துப் பாருங்கள். பிரட்டில் பெயர் கொடுத்தாள். தோட்டம் காட்டிய மலைக்குப் போனாள். தோட்டத்துக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருக்கும்போது கொட்டு வாங்கினாள். வேலையின்போது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எங்கே தேடுவது?

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு தொழிலாளியிடம் எழுதி வாங்கினால் அந்த எழுத்து சட்டத்தின் முன் செல்லாது. விபத்து நடந்த மறுநாள் செலவுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, ஒரு காகிதத்தில் ஒப்பம் வாங்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். அந்தக் காகிதத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒப்பமும் வைக்க வேண்டாம். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு என்பதால், "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.

இவ்வளவு உரிமை இருந்தும் நம்மில் ஏன் இவ்வளவு குறைவாகக் கோருகிறோம்? காரணம் சிறியது. எழுதப்படவில்லை. எந்த மலை, எத்தனை மணி, யார் பார்த்தார், எந்த வார்ட் என்று எவரும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்துக் கேட்டால், "அப்படி ஒன்று நடந்ததாகத் தோட்டத்தில் பதிவு இல்லை" என்ற ஒரு வரியோடு கதவு சாத்தப்படுகிறது. எழுதப்படாத காயம் நடக்காத காயம் ஆகிவிடுகிறது.

இந்த மாவட்டத்தில் பதிவைப் பற்றியும் தெரிந்த ஆபத்தைப் பற்றியும் பேசும் எவரும் மீரியபெத்தையைத் தாண்டிப் போக முடியாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை. கொஸ்லந்தையில், பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் வேலைக்கும் கிளம்பும் நேரம். மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஒன்பது வருடம் கழிந்தும் மக்கள் அதே லயத்தில் இருந்தார்கள். "சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று பிறகு சிலர் சொன்னார்கள். எங்கே போவது? வேறு வீடு கொடுத்தார்களா? காணி காட்டினார்களா? வேலைக்குப் பேர் போட அந்தத் தோட்டத்தில்தான் இருக்க வேண்டும், இருக்க அந்த லயம் மட்டும்தான் உண்டு என்றிருக்கும்போது, போய்விடு என்று சொல்வது எச்சரிக்கை ஆகுமே தவிர பாதுகாப்பு ஆகாது.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதே பல நாட்கள் தெரியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் எத்தனை உயிர் என்று உடனே கையில் எடுத்துப் பார்க்க ஒரு கணக்கு இருந்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது. தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் ஒரு பழைய தேயிலை ஸ்டோரில் தங்கினார்கள். புதிய வீடுகள் கைக்குக் கிடைக்க இரண்டு வருடம் பிடித்தது.

2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்றானது. மழையை நிறுத்த எந்தத் துரையாலும் முடியாது. ஆனால் எந்த லயம் எந்தச் சரிவின் கீழ் இருக்கிறது என்பது மழைக்கு முன்பே தெரியும்.

"லயம் வேலைத்தளம் அல்லவே" என்று கேட்பார்கள். தோட்டத்தில் வீடும் வேலையும் ஒன்றாகவே கட்டப்பட்டவை. வேலைக்கு ஆள் பக்கத்தில் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சரிவில் லயத்தைக் கட்டினார்கள். இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 1981இல் ஒரு திருத்தம் செய்தார்கள். எசமான் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் அல்லது காயப்பட்டால் எசமான் நட்டஈடு கொடுக்க வேண்டும். முற்றிலும் இயற்கை அனர்த்தத்தால் இடிந்தது என்றால் விலக்கு உண்டு. 2010இல் அதே சட்டத்தில் பூச்சிமருந்தையும் இரசாயனங்களையும் கையாளுவோரின் பாதுகாப்புக்குத் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். மருந்தடிப்போருக்கு வைத்தியப் பரிசோதனையும் பதிவும் அதில் வந்தன. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இங்கிருந்து போன நம் சொந்தங்கள் நீலகிரியில் தேயிலைக்குள் வேலை செய்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான். அங்கும் எழுதியதெல்லாம் நடக்கவில்லை என்று அவர்கள் சொல்லுவார்கள். உண்மைதான். ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருந்தால் அதைக் காட்டிச் சண்டை போடலாம். இங்கே காட்டுவதற்கு அந்த வரியே இல்லை.

கடமை யாருடையது என்று கேட்டால் நம் நாட்டில் பந்து உருளத் தொடங்கும். 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி அரசாங்கத்தினுடையது என்று கம்பனி சொல்கிறது. நடத்துவது கம்பனி என்று அரசாங்கம் சொல்கிறது. வீட்டுக்கு ஒரு நிறுவனம், வைத்தியத்துக்கு ஒரு திணைக்களம், மண்சரிவுக்கு இன்னொன்று. கொழுந்தின் நிறை குறைந்தால் மட்டும் யார் பொறுப்பு என்பதில் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை. காலையில் பிரட்டில் நின்று யார் ஆளைப் பிரிக்கிறாரோ, அந்த ஆள் மாலையில் முழுதாக வீடு திரும்புவதற்கும் அவரே பொறுப்பு. மற்றக் கணக்கை அவர்கள் கொழும்பில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளட்டும்.

ஆபத்து தெரிந்தே ஆளை உள்ளே அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை உலகம் 2013 ஏப்ரல் 24இல் வங்காளதேசத்தில் பார்த்தது. ரானா பிளாசா கட்டடத்தில் வெடிப்பு விழுந்தது முந்திய நாளே தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடின. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளில் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைத்தார்கள். 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு சங்கங்களும் ஆடை வாங்கும் கம்பனிகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமையை எழுத வேண்டி வந்தது. ஆயிரம் உயிர் போன பிறகு எழுதிய அந்த வரியை நம் மலையில் உயிர் போகும் முன்பே எழுதலாம்.

நிர்வாகத்தின் பதிலும் எங்களுக்குத் தெரியும். "கையுறை கொடுத்தோம், போடுவதில்லை. முகமூடி கொடுத்தோம், கழற்றி வைக்கிறார்கள்." இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஏன் கழற்றுகிறார்கள்? கொடுத்த சப்பாத்து அளவில்லை. முகமூடி போட்டுச் சரிவில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, நின்று மூச்சு வாங்கினால் அன்றைய நிறை வராது. நிறை வராவிட்டால் அரைப் பேர். நிறையையும் பேரையும் கயிறாகக் கட்டிவிட்டு, கையில் ஒரு முகமூடியைக் கொடுத்தால் கடமை முடிந்ததாகாது. அளவான பொருளைக் கொடுப்பதும், அதைப் போட்டுக்கொண்டு செய்யக்கூடிய வேகத்தில் வேலையைக் கேட்பதும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க மாட்டோம். சங்கங்களாகிய நாம் இத்தனை வருடம் எல்லாப் பலத்தையும் சம்பளத்தில் வைத்தோம். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று ஒவ்வொரு ரூபாவையும் போராடித்தான் எடுத்தோம். அது தேவையான போராட்டம், இனியும் தேவை. ஆனால் அந்தப் பேச்சு மேசைகளில் குளவிக் கூட்டைப் பற்றி, மருந்துத் தாங்கியைப் பற்றி, லயத்தின் மேலுள்ள சரிவைப் பற்றி எத்தனை தடவை பேசினோம்? விபத்து நடந்தால் தோட்டத்துத் தலைவர் ஆபீசுக்குப் போய் ஒரு தொகை பேசி முடித்து வருவதையே வெற்றி என்று நாமும் எண்ணிவிட்டோம். கூடிய சம்பளத்தை வாங்க ஆள் உயிரோடும் கையோடும் இருக்க வேண்டும்.

நம் மண்ணில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தபோது, பதுளை வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு குழுவை அமைத்தார்கள். அந்தக் குழுவோடு கலந்து பேசி நடக்கத் துரை சம்மதிக்க வேண்டி வந்தது. துரையின் முன்னால் தலைப்பாகையோடு நிற்கவே தயங்கிய காலத்தில் நம் பாட்டன் பாட்டிமார் அதைச் செய்தார்கள். அதே மாவட்டத்தில், கையில் போனும் வீட்டில் படித்த பிள்ளையும் இருக்கும் நாம் ஒரு பாதுகாப்புக் குழுவை அமைக்க முடியாதா?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

1. வேலைத்தளப் பாதுகாப்புச் சட்டம் கொழுந்து மலைக்கும் பொருந்த வேண்டும். மலையில் நேரும் விபத்தும் ஸ்டோரில் நேர்வது போலவே தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும்.

2. ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு விபத்துப் புத்தகம் இருக்க வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும். காயப்பட்டவருக்கு அதன் பிரதி ஒன்று கிடைக்க வேண்டும்.

3. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புக் குழு ஒவ்வொரு தோட்டத்திலும் வேண்டும். குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். மலைக்கு ஆள் பிரிக்கும் முன்பு அந்தக் குழு சொல்வதைக் கேட்க வேண்டும்.

4. கூடு, மண் வெடிப்பு, மின்னல் போன்ற ஆபத்து கண்ணுக்குத் தெரியும்போது அந்த இடத்துக்குப் போக மறுப்பவரின் பேரை வெட்டக் கூடாது. வேறு மலைக்கு அனுப்ப வேண்டும்.

5. வேலை நேரத்தில் குளவி கொட்டியோ பாம்பு கடித்தோ போனவருக்கு அன்று முழுப் பேர் போட வேண்டும். வைத்தியர் ஓய்வு சொன்ன நாட்களுக்கும் கொடுப்பனவு வேண்டும். கொழுந்து லொறியை நம்பியிராமல் காயப்பட்டவரை ஏற்றிச்செல்ல ஒரு வாகன ஒழுங்கு வேண்டும்.

6. ஒவ்வொரு லயத்தின் மண்சரிவு ஆபத்து அறிக்கையும் பிரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஆபத்தான லயத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் போதாது. எந்தக் காணி, எந்தத் திகதி என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

இவற்றை மேலே உள்ளவர்கள் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே நாம் செய்யக் கூடியவை இருக்கின்றன. ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் தலைவி ஓர் எண்பது பக்கக் கொப்பி வாங்கட்டும். கூடு கண்டால் மரத்தையும் திகதியையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் அதில் எழுதுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். யாராவது அடிபட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் இலவசம். மண்சரிவு அறிகுறி கண்டால் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள். வைத்தியசாலையில் "வேலை நேரத்தில், மலையில் நடந்தது" என்று வாய் திறந்து சொல்லி, அதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அந்த அட்டையைத் தொலைக்காதீர்கள். கூட வேலை செய்த இருவரின் பெயரைச் சாட்சியாகக் குறியுங்கள். எழுதத் தெரியாதவர்கள் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். நம் பிள்ளைகள் நன்றாக எழுதுவார்கள். அதற்காகத்தான் நாங்கள் பாடசாலையில் இருக்கிறோம்.

அந்தத் தரம் ஏழு பிள்ளையின் தாய் இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறாள். சவுக்கு மரத்துக் கூட்டை ஒரு மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள். நாங்கள் அவளோடு உட்கார்ந்து, அன்று காயப்பட்ட ஆறு பேரின் பெயர், மலை, நேரம், வார்ட் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதினாள். முதல் பக்கத்தின் மேலே என்ன தலைப்புப் போடுவது என்று கேட்டாள். "விபத்துப் புத்தகம்" என்று சொன்னோம்.

அந்தக் கொப்பியோடு தொழில் திணைக்களத்துக்குப் போகிறோம். உங்கள் டிவிசன் கொப்பியையும் கொண்டுவாருங்கள். ஒரு கொப்பியை மேசை லாச்சிக்குள் தள்ளிவிடலாம். ஊவாவின் எல்லாத் தோட்டங்களிலிருந்தும் வரும் கொப்பிகளை எந்த லாச்சியும் கொள்ளாது.